அண்டர்டேக்கர் ஆக்‌ஷன் ஃபிகர்: வாங்கலாமா, வேண்டாமா?

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்டதும் பாதிப் பேர் போய்விடலாம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், கூரியர் தனி. அமெரிக்க ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கரின் ஏழு அங்குலப் பிளாஸ்டிக் பொம்மைக்கு இது அநியாயம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் இது திருவிழாக் கடையில் கவருக்குள் தொங்குகிற சாமான் இல்லை. முறைப்படி லைசென்ஸ் வாங்கிச் செய்தது, குழந்தைகளைவிட வளர்ந்த ஆட்கள் வாங்கி அலமாரியில் வைப்பதற்கென்றே வருகிற ரகம். கம்பெனி பெயரையும் விற்றவர் பெயரையும் எழுதப் போவதில்லை. பாராட்டினால் விளம்பரம் என்பீர்கள், திட்டினால் அது வேறு தலைவலி.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். உடம்பு ஒன்று. மாற்றி மாட்டத் தலை மூன்று: வெளிறிய முகமும் செம்பட்டை முடியுமாக 1990-ன் அண்டர்டேக்கர், கண்கள் மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிகிற முகம், தாடி வைத்த 2009-ன் முகம். கைகளில் சாம்பல் நிறக் கையுறை போட்டவை இரண்டு ஜோடி, விரல் தெரிகிற கறுப்புக் கையுறை இரண்டு ஜோடி. துணியில் தைத்த நீளக் கோட்டு, அகலக் கரை வைத்த தொப்பி, ஒரு டை, ஒரு பெல்ட். அவ்வளவுதான். உயரம் சரியாக இருக்கிறதா என்று அளந்தே பார்த்தேன். ஆள் ஆறடி பத்து அங்குலம், அதாவது 208 செ.மீ. சொச்சம், பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் பதினேழு செ.மீ. வர வேண்டும், வருகிறது. பக்கத்தில் ஏற்கெனவே என்னிடம் இருக்கும் இன்னொரு ரெஸ்லர் ஷான் மைக்கேல்ஸின் பொம்மையை நிறுத்தினால் டிவியில் பார்த்த அதே வித்தியாசம். இந்த ஒரு விஷயத்தில் பல பொம்மைகள் கோட்டை விடும், எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துத் தலையை மட்டும் மாற்றி விற்பார்கள். இது அப்படி இல்லை.

இனி தொப்பியும் கோட்டும். இந்த ஆளின் முப்பது வருஷக் கதையை உடையை வைத்தே சொல்லிவிடலாம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1990 நவம்பர் 22, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரம், டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஈ) ரெஸ்லிங் கம்பெனியின் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி. நாலு பேருக்கு நாலு பேர் மோதுகிற ஆட்டத்தில் டெட் டிபியாசி என்ற வீரர் தன் அணியின் நாலாவது ஆள் யார் என்று சொல்லாமலே வைத்திருந்தார். கடைசியில் வந்தவர் இவர். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, சாம்பல் கையுறை, சாம்பல் டை, பழைய கௌபாய் காலத்துச் சவ அடக்கக்காரர் போல ஒரு கோலம். வந்த கொஞ்ச நேரத்தில் எதிரணியில் இருந்த கோகோ பி. வேர் என்பவரைத் தலைகீழாகத் தூக்கி இறக்கினார், அப்புறம் டஸ்டி ரோட்ஸையும் வெளியே அனுப்பினார். அதற்கு முன் போட்டிக் கம்பெனியில் மீன் மார்க் (Mean Mark) என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த ஹூஸ்டன்காரர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், நிஜப்பெயர் மார்க் காலவே. உன்னைப் பார்க்க எவனும் காசு கொடுத்து வரமாட்டான் என்று அங்கே தன்னிடம் சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியில் ஆளுக்கொரு தொழில் வேஷம் கொடுப்பது வழக்கம். வருமான வரி அதிகாரி வேஷம் ஒருவருக்கு, ஜெயில் வார்டன் வேஷம் ஒருவருக்கு, கோமாளி, குப்பை வண்டிக்காரர், பன்றி வளர்ப்பவர், பிளம்பர் வரைக்கும் போனார்கள், பொய் இல்லை. பிணம் அடக்குகிறவர் என்பதும் அந்த வரிசையில் இன்னொன்றுதான். மற்ற வேஷமெல்லாம் சில வருஷத்தில் கலைந்துபோக, இது மட்டும் முப்பது வருஷம் ஓடியதற்கு அந்த வேஷத்தில் இருந்த திகிலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. எப்போது உடையை மாற்ற வேண்டும், எப்போது பழைய உடையைத் திரும்ப எடுத்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பொம்மை செய்தவர்களுக்குத் துணி தெரிந்திருக்கிறது, இந்தக் கணக்கு தெரியவில்லை. என் விமர்சனத்தில் பாதி அதைப் பற்றியதுதான்.

எடுத்துக்காட்டாக, பெட்டியில் இருக்கும் கையுறைகள் சாம்பலும் கறுப்பும் மட்டும். ஊதா எங்கே? 1994 ஜனவரியில் யோகோசூனா என்ற வீரரோடு நடந்த சவப்பெட்டிச் சண்டையில் ஒரு கும்பலே சேர்ந்து இவரைப் பெட்டிக்குள் தள்ளி மூடியது. அதற்குப் பின் ஆறேழு மாதம் ஆளையே காணோம், நிஜத்தில் காயத்துக்கு ஓய்வு. அந்த நேரத்தில் டிபியாசி இன்னொரு ஆளுக்கு இதே சாம்பல் உடையை மாட்டி இவர்தான் அண்டர்டேக்கர் என்று கூட்டி வந்தார். ஆகஸ்டில் சிகாகோவில் அசலும் நகலும் நேருக்கு நேர் நின்றபோது, யார் யாரென்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா, அசல் ஆள் ஊதாக் கையுறையோடு வந்தார். சண்டை படுமோசம், அது வேறு கதை. ஆனால் அந்த ஊதா அப்படியே நிலைத்துவிட்டது. 90-களில் கேபிளில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எனக்கும்தான், அண்டர்டேக்கர் என்றதும் மனதில் வருவது ஊதாக் கையுறைதான். இங்கே பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு ஏழு உயிர் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, இதுவரை எத்தனை உயிர் போயிருக்கிறது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சண்டையே நடக்கும். அந்த ஏழு உயிர்க்காரர் ஊதாக் கையுறைக்காரர்தான்.

1995 கடைசியில் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு நொறுங்கிப் போய், முகத்தின் மேல்பாதியை மூடுகிற சாம்பல் முகமூடியோடு கொஞ்ச காலம் ஆடினார். அது காயத்துக்கு வேண்டியிருந்த பாதுகாப்பு, ஆனால் பார்ப்பவர்களுக்கு அதுவும் வேஷத்தில் ஒரு பகுதி. 1996-ல் உயிரோடு புதைக்கிற சண்டை ஒன்று, மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள், அடுத்த மாதமே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வவ்வால் இறக்கை மாதிரி உடையோடு கூரையிலிருந்து இறங்கி வந்தார். 1997-ல் கம்பெனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சைகோ சிட் என்பவரை அடித்து சாம்பியன் பெல்ட் வாங்கியபோது மறுபடி பழைய சாம்பல் உடை. 1999-ல் மினிஸ்ட்ரி என்று ஒரு இருட்டுக் கும்பலுக்குத் தலைவர், பாதிரியார் போல அங்கி. அந்தக் காலகட்டம் எனக்குப் பிடிக்காது, ஒரே நாடகம், ரிங்கில் வேலை கம்மி. 2000 மே மாதம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, மோட்டார் பைக்கில் வந்தார். பத்து வருஷம் செத்த ஆளாக நடித்தவர் திடீரென்று உயிருள்ள மனிதராக, பியர் குடிக்கிற டெக்ஸாஸ்காரராகப் பேச ஆரம்பித்தார். அப்போது பல பேர் திட்டினார்கள், எனக்கு என்னவோ அந்த நாலு வருஷம்தான் அவர் நன்றாகச் சண்டை போட்ட வருஷங்கள் என்று தோன்றும். 2002-ல் கையில் மாவுக்கட்டோடு கூண்டுக்குள் இளம் பிராக் லெஸ்னரிடம் வாங்கிய அடியைத் திரும்பப் பாருங்கள், முகமெல்லாம் ரத்தம். 2004 மார்ச்சில் தொப்பியும் கோட்டும் திரும்ப வந்தன, ஆனால் கையில் சண்டைக்காரர்கள் போடுகிற விரல் தெரியும் கறுப்புக் கையுறை. பைக்காரரையும் பிணக்காரரையும் ஒன்றாகச் சேர்த்த உடை அது.

பெட்டியில் இருப்பது முதல் உடையும் 2004-க்குப் பிந்தைய உடையும். நடுவில் உள்ள பதினான்கு வருஷம் கிடையாது. சரி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட முடியாதுதான், ஆனால் இரண்டு காலத்துக்கும் உடம்பு ஒன்றே என்பதுதான் இடிக்கிறது. கை முழுக்கப் பச்சை குத்திய உடம்பில் 1990-ன் தலையையும் சாம்பல் கையுறையையும் மாட்டினால் பொருந்தவே இல்லை, வந்த புதிதில் அவர் கையில் அவ்வளவு பச்சை கிடையாது. கோட்டைப் போட்டு மூடிவிட்டால் தெரியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கோட்டின் தையலுக்கு முழு மார்க் கொடுக்கலாம். கீழ் ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள், அதனால் காற்றில் விரிந்த மாதிரி வளைத்து நிறுத்தலாம். தோள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஓரத்தில் நூல் ஒன்று தொங்கியது, வெட்டிவிட்டேன். தொப்பி அச்சு அசல், கரையின் வளைவுகூட இருக்கிறது, ஆனால் தலையில் உட்கார மாட்டேன் என்கிறது. ஃபேன் காற்றுக்கே சாய்கிறது. உள்ளே துளியளவு ஒட்டுப் பசை வைத்தால்தான் நிற்கும். சுவரில் படம் ஒட்டுகிற அந்தக் களிமண் ரகம் வையுங்கள், ஃபெவிக்குவிக் வைத்துத் தலையை நாசம் செய்துவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: கறுப்புத் துணியின் சாயம் வெளிறிய பிளாஸ்டிக்கில் இறங்கும். நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் கோட்டோடு ஜன்னல் ஓரம் வைத்தால் கழுத்தும் கையும் சாம்பலாகிவிடும். என்னுடையதில் கழுத்துப் பக்கம் லேசாக ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது மூட்டுகள். அலமாரியில் நிறுத்தி வைக்க மட்டும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். ஆனால் அண்டர்டேக்கர் பொம்மை வாங்குகிறவன் ஒரு தடவையாவது அவருடைய முத்திரை அடியான டூம்ஸ்டோன் போட்டுப் பார்க்காமல் இருப்பானா?

முதலில் அந்தச் சட்டென்று எழுந்து உட்கார்வது. அடி வாங்கி மல்லாந்து கிடப்பார், எதிராளி முடிந்தது என்று திரும்புவார், இவர் கை ஊன்றாமல் இடுப்பிலிருந்து விறைப்பாக எழுந்து உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்ப்பார். பொம்மைக்கு இடுப்பிலும் வயிற்றிலும் தனித்தனி மூட்டு இருப்பதால் இது பிரமாதமாக வருகிறது, கோட்டைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். கண் செருகிய தலையை மாட்டி, உட்கார வைத்து, தலையை இடது பக்கம் திருப்பி வைத்தால் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வருகிறவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். வீட்டில் வேறு அலமாரிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

டூம்ஸ்டோனுக்கு வருவோம். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, இடுப்பைக் கட்டிப் பிடித்து, அப்படியே இரண்டு முட்டியையும் ஊன்றி இறங்க வேண்டும். பார்க்க மண்டை உடைகிற மாதிரி இருக்கும், ஆனால் சரியாகச் செய்தால் கீழே இருப்பவரின் தலை, தூக்கியவரின் தொடைகளுக்கு நடுவே, முட்டி மட்டத்துக்கு மேலேயே நிற்கும். இறங்குகிற எடை முழுக்க முட்டிக்குப் போகும். முட்டி போட்டு இறங்காமல் உட்கார்ந்து இறங்கினால் கதை வேறு. 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் அப்படி உட்கார்ந்து இறக்கித்தான் ஸ்டீவ் ஆஸ்டின் கழுத்து போனது, ஆஸ்டின் சில வருஷத்திலேயே ஓய்வு பெற அதுவும் ஒரு காரணம். பின்னாளில் கம்பெனி இந்த வகை அடியையே நிறுத்தச் சொன்னபோது அண்டர்டேக்கருக்கும் கேன் என்ற வீரருக்கும் மட்டும் விலக்கு இருந்தது. அந்த நம்பிக்கையை முப்பது வருஷம் காப்பாற்றியதற்கு அவருடைய முட்டிகளும் இடுப்பும்தான் விலை கொடுத்தன.

பொம்மையின் முட்டி இரட்டை மூட்டு, நன்றாக மடங்குகிறது, மண்டி போட்டு ஆடாமல் நிற்கிறது. சிக்கல் கையில். விரல்கள் பிடிக்கிற மாதிரி வார்க்கப்பட்ட ஜோடியை மாட்டினாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றி இரண்டு கையும் சேரவில்லை. ஷான் மைக்கேல்ஸை வைத்து முயன்றேன், வழுக்கி விழுகிறார். ரப்பர் பேண்ட் போட்டுத்தான் போட்டோ எடுக்க முடிந்தது. பெட்டியின் பின்பக்கம் அட்டகாசமாக டூம்ஸ்டோன் படம் போட்டிருக்கிறார்கள், அதில் ரப்பர் பேண்டைக் கம்ப்யூட்டரில் அழித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சோக்ஸ்லாம் சுலபம், ஒற்றைக் கையில் கழுத்தைப் பிடித்து நிற்கிறது, தோள் மூட்டு இறுக்கம். எதிராளியின் கையை முறுக்கிக்கொண்டு மேல் கயிற்றில் நடப்பாரே, ஓல்ட் ஸ்கூல், அதற்கு ரிங்கும் ஸ்டாண்டும் தனியாக வாங்க வேண்டும், வாங்கினாலும் அரை நிமிஷம் நின்றால் பெரிது. 2008 வாக்கில் கொண்டுவந்த ஹெல்ஸ் கேட், கீழே படுத்துக்கொண்டே காலை எதிராளியின் கழுத்தில் போட்டு நெரிக்கிற பிடி, பொம்மைக்கு வரவே வராது, அவ்வளவு காலை மடக்கினால் இடுப்பு மூட்டு கழன்று கையோடு வந்துவிடுகிறது. திரும்ப மாட்டிவிடலாம், பயப்பட வேண்டாம்.

தாடி வைத்த மூன்றாவது தலைதான் இந்தப் பெட்டியிலேயே சிறந்த வேலை. 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன், ரெஸில்மேனியா 25, அவருடைய சொந்த ஊரில் ஷான் மைக்கேல்ஸோடு அரைமணி நேரச் சண்டை. நடுவில் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்வார், இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆள் பறக்கிறார், கீழே பிடிக்க நின்றவரின் கை சரியாகப் படாமல் தலை குப்புற விழுவார். கழுத்து போய்விட்டது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். அதற்கப்புறமும் எழுந்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஆடினார். கடைசிப் பகுதியில் மைக்கேல்ஸ் டூம்ஸ்டோன் வாங்கிவிட்டுத் தோளைத் தூக்குவார் பாருங்கள், அப்போது அண்டர்டேக்கர் முகத்தில் ஒரு திகைப்பு வரும், வாய் லேசாகத் திறந்து, இனி என்ன செய்வது என்கிற மாதிரி. யாரோ அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் இந்தத் தலையைச் செதுக்கியிருக்க வேண்டும். புருவத்தின் நடுச் சுருக்கம், ஈரமாய் நெற்றியில் ஒட்டிய முடி, எல்லாம் இருக்கிறது. ஒரு தலைக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் என்றாலும் தருவேன்.

மறு வருஷம் மறுபடி மோதினார்கள், மைக்கேல்ஸ் தோற்றால் ஓய்வு என்று பந்தயம், தோற்றார், போனார். அடுத்த இரண்டு வருஷமும் எதிராளி ட்ரிபிள் எச். ரெஸில்மேனியாவில் தோற்காதவர் என்பது முதலில் யாரும் திட்டமிட்டது இல்லை, 1991-ல் ஜிம்மி ஸ்னூக்காவை அடித்ததில் ஆரம்பித்து சும்மா சேர்ந்துகொண்டே போனது. 1993-ல் ஜயன்ட் கொன்சாலஸ் மயக்க மருந்துத் துணியை மூக்கில் வைத்துத் தகுதியிழந்ததால் கிடைத்த வெற்றியும் அதில் அடக்கம், அந்த ஆட்டத்தை ரசிகர்களே கணக்கில் சேர்க்க வெட்கப்படுவார்கள். பத்தைத் தாண்டிய பிறகுதான் அது ஒரு சொத்து என்று கம்பெனிக்கே புரிந்தது. எழுதி வைத்த சண்டையில் வெற்றி எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஏப்ரல் 6-ம் தேதி நியூ ஆர்லியன்ஸில் லெஸ்னர் மூன்றாவது முறை தூக்கிப் போட்டு அமுக்கி, நடுவர் கை மூன்று தடவை விழுந்து, திரையில் 21-1 என்று வந்தபோது அந்தப் பெரிய அரங்கம் வாயடைத்து நின்றதைப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் பலத்த அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அன்றைய நாளில் பெரும்பகுதி தனக்கு நினைவே இல்லை என்று பின்னாளில் சொன்னார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 2017-ல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றுவிட்டு, கையுறையையும் கோட்டையும் தொப்பியையும் ரிங்கின் நடுவே கழற்றி வைத்துவிட்டுப் போனார், அதிலாவது நிறுத்தியிருக்கலாம். மறு வருஷமே ஜான் சீனாவை மூன்று நிமிஷத்துக்குள் முடிக்கத் திரும்பி வந்தார். 2019 ஜூனில் சவூதியின் ஜெட்டாவில் கோல்ட்பெர்க்கோடு நடந்ததை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். கடும் சூட்டில் ஐம்பதைத் தாண்டிய இருவர், ஒருவர் மண்டை உடைந்து மயக்கத்தில், இன்னொருவர் அவரிடம் கழுத்தைப் பணயம் வைத்துக்கொண்டு. கடைசியாக 2020-ல் கொரோனா நேரத்தில், ரசிகர்கள் யாரும் இல்லாமல், இடுகாடு செட்டில் சினிமா மாதிரி எடுத்த ஏ.ஜே. ஸ்டைல்ஸ் சண்டை. பைக், தலையில் துணி, பழைய திமிர், வெட்டி ஒட்டும் வசதி. உடம்பு ஒத்துழைக்காத ஆளுக்கு அதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்காது. அந்த வருஷம் நவம்பர் 22, வந்த நாளிலிருந்து சரியாக முப்பது வருஷம், விடை பெற்றார். ரெஸில்மேனியா கணக்கு 25 வெற்றி, 2 தோல்வி.

அந்தக் கடைசிச் சண்டைக்கான உடை தனிப் பெட்டியாகக் கிடைக்கிறது, இதைவிட விலை கூடுதல். பைக் காலத்து அண்டர்டேக்கர் பிடித்தவர்கள் இதை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள்.

போலி நிறையச் சுற்றுகிறது, அதையும் சொல்ல வேண்டும். பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். அசலில் முதுகிலோ தொடையின் பின்புறமோ உரிமை முத்திரை பொடி எழுத்தில் இருக்கும், பச்சை குத்திய கோடுகள் ஒன்றோடொன்று கலங்காமல் தெளிவாக இருக்கும். போலியில் பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் நாற்றம் அடிக்கும், முட்டி தொளதொள என்று ஆடும், நிறுத்தினால் குடிகாரனைப் போல முன்னால் சாயும். வாங்குமுன் விற்பவரிடம் முகத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கண் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் வந்த பெட்டியில் ஒரு கண் கூரையைப் பார்த்தது, திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன், அதற்கு விற்றவரோடு நடந்த மல்லுக்கட்டு தனிக் கதை, கடைசியில் மாற்றிக் கொடுத்தார். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைகளும் டையும் வாயில் போகிற அளவு, உயரத்தில் வையுங்கள்.

வாங்கலாமா என்றால், 2004-க்குப் பிந்தைய அண்டர்டேக்கர் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், அந்தத் தலையும் கோட்டுமே காசுக்குச் சரியாகிவிடும். 90-களின் ஆளைத் தேடுகிறவர்கள் காத்திருங்கள், இது அவர் இல்லை. பாலித்தீன் கவரில் வருகிற சாதாரண ரகம் இதில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும், கோட்டும் பிளாஸ்டிக்காகவே இருக்கும், பிள்ளைகள் விளையாட அதுவே போதும்.

ஒரே ஒரு மனக்குறை. இவ்வளவு கொடுத்தவர்கள் கலசம் கொடுக்கவில்லை. அவருடைய மேனேஜராக வந்த பால் பேரர் கையில் தூக்கிக்கொண்டு வருவாரே அது. வில்லியம் மூடி என்ற நிஜப்பெயர் கொண்ட அந்த மனிதர் நிஜ வாழ்க்கையிலும் சவ அடக்கத் தொழிலுக்குப் படித்து லைசென்ஸ் வாங்கியவர், கீச்சுக் குரலும் வெள்ளைப் பவுடர் முகமுமாக அவர் பக்கத்தில் நின்றதால்தான் பேசாமல் நின்ற அண்டர்டேக்கருக்கு அத்தனை மிரட்டல் கிடைத்தது. அவர் 2013 மார்ச்சில் இறந்தார், அடுத்த மாதம் சிஎம் பங்க்கோடு நடந்த ரெஸில்மேனியா சண்டையே அந்தக் கலசத்தைச் சுற்றித்தான் ஓடியது. பால் பேரர் பொம்மை தனியாக வந்திருக்கிறது, ஆனால் இங்கே கேட்கிற விலைக்கு இன்னொரு அண்டர்டேக்கரே வாங்கிவிடலாம். உடைந்த பேரர் பொம்மை யாரிடமாவது கிடந்து, கலசம் மட்டும் நல்லபடியாக இருந்தால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.